ஆற்றுவாரை ஆற்றுதல்

நெஞ்சு கலங்கி வந்தவர் கூறுவனவற்றைப் பொறுமையுடன் கேட்டு, அவர் தம் வழியைத் தாமே காணுமாறு துணை நிற்போரை இக்காலத் தமிழில் ஆற்றுப்படுத்துநர் என வழங்குகின்றோம். பத்துப்பாட்டைப் பயில்வார்க்கு இப்பெயர் புதியதன்று. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு பாணனைத் தான் சென்று வந்த நெறியிலே செலுத்துவது ஆற்றுப்படை எனப்படும். ஆயினும் இவ்விருவரிடையே ஒரு வேறுபாடு உண்டு. பாணன் காட்டுவது தான் நடந்தறிந்த வழி. ஆற்றுப்படுத்துநரோ தாம் ஒருநாளும் நடந்திராத வழியிலே பிறர்க்குத் துணை செல்ல வேண்டியவர். அவ்வாறு செல்லுங்கால் அவருக்குத் துணையாவார் யார்? துணையாவாரைப் பயிற்றுவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றுப்படுத்துநர்க்குத் துணையாய் அமைபவரை மேற்பார்வையாளர் என்பர். இச்சொல்லைக் கேட்டவுடன், தேர்வு மண்டபத்தில் உலவுவாரும், சாலை வேலையில் ஆட்களை எண்ணி நிற்பாரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஈண்டுக் கருதப்படுவது வேறு. ஆற்றுப்படுத்துநர் குறித்த காலந்தோறும் ஒரு மூத்தவரை அடைந்து, தம்மிடம் வந்தாரின் பெயரை மறைத்து, நிகழ்ந்த உரையாடலை உள்ளபடி எடுத்துரைப்பார். அவ்வுரையாடலில் எங்கே நன்கு கேட்டார், எங்கே கேளாது விட்டார், எந்தச் சொல்லில் தாமே கலங்கினார் என்பவற்றை இருவரும் அமைதியாய் ஆராய்வர். இதுவே மேற்பார்வை.

இதன் இன்றியமையாமை எளிதில் விளங்கும். அறுவை மருத்துவர் பலர் சூழ நின்று தொழில் செய்கின்றார். ஆசிரியரின் பிழையை வகுப்பு முழுவதும் காண்கின்றது. ஆற்றுப்படுத்துநரின் அறையோ மூடிய அறை. அங்கே நேரும் பிழையை அறிவார் இருவரே. அவருள் ஒருவர் தம் துயரத்தால் அதனைப் பிழையென்று உணரும் நிலையில் இல்லாதவர். அன்றியும், நாள்தோறும் பிறர் துயரைக் கேட்கும் நெஞ்சு ஒன்று மரத்துப்போகும், அன்றி உடைந்துபோகும். உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணி வந்த இளைஞன் ஒருவனின் சொல்லை, மரத்துப்போன செவி கேளாது விடுமாயின் நேரும் இழப்பு ஈடு செய்தற்கரியது.

இம்முறை மேனாட்டில் வேரூன்றிய வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்ததேயாம் எனலாம். 1920இல் பெர்லின் நகரில் மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலியோர் உளப்பகுப்பு மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவினர். அங்குப் பயில்வோர், தாம் நோயாளரை நடத்தும் முறையை மூத்தவர் ஒருவர்முன் எடுத்துரைத்து ஆராய்தல் பயிற்சியின் ஓர் உறுப்பாயிற்று. 1925இல் அமெரிக்காவில் உவுஸ்டர் நகரத்து மனநோய் மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்னும் குருவானவர், இறையியல் மாணவரை நோயாளரிடையே பழக்கிப் பயிற்றத் தொடங்கினார். தாமே மனநோயுற்று மருத்துவமனையில் இருந்து தேறியவர் அவர். ஏடுகளைப் படிப்பது போலவே துன்புறும் மனிதரையும் உற்றுப் படித்தறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் வழி வளர்ந்த அப்பயிற்சியில், நோயாளரோடு பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதிவந்து மேற்பார்வையாளரோடு ஆராயும் வழக்கம் நிலைபெற்றது.

மேற்பார்வையின் பயன் மூன்று என 1986இல் பிரிஜிட் பிராக்டர் என்னும் ஆங்கில அம்மையார் வகுத்துக் காட்டினார். திறமையை வளர்த்தல் ஒன்று; நெறி பிறழாது காத்தல் ஒன்று; களைத்த நெஞ்சிற்கு ஊக்கம் தருதல் ஒன்று. இம்மூன்றும் ஆற்றுப்படுத்துநர்க்குத் தொடக்கக் காலத்தில் மட்டும் வேண்டுவன அல்ல. பிரிட்டனின் ஆற்றுப்படுத்துநர் சங்கத்தில் தகுதிச்சான்று பெற்றவர், எத்துணை ஆண்டு பழகியவராயினும், திங்களுக்கு ஒன்றரை மணி நேரமேனும் மேற்பார்வை பெறுதல் வேண்டும் என்பது விதி.

நிற்க. பல்லாண்டு பழகிய ஆற்றுப்படுத்துநர் எவரும் மேற்பார்வையாளர் ஆகலாமன்றோ, அதற்கெனத் தனிப் பயிற்சி எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். இதற்கு விடையை நம் நன்னூலிலேயே காணலாம். நல்லாசிரியர் இலக்கணம் கூறிய பவணந்தியார், ஆசிரியர் ஆகாதார்க்கு நான்கு உவமைகளையும் கூறியுள்ளார். அவை கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன. அறிவு நிரம்பப் பெற்றிருந்தும் அதனைப் பிறர்க்கு முறையாய் வழங்க மாட்டாதாரே இந்நால்வரும் என்பது உற்று நோக்கத்தக்கது.

கழற்குடத்தில் இட்ட கழற்காய், இட்ட முறையில் வெளிவருவதில்லை. அவ்வாறே, அனுபவம் மிக்கார் சிலர் தாம் கண்ட நூறு பேரின் கதைகளை முன்பின்னாய்க் கூறுவர். கேட்பவர்க்கு வேண்டுவது அவற்றுள் எதுவென அறியார். மடற்பனையில் ஏறுதல் அரிது. அதுவாகப் பழம் உதிர்த்தாலன்றிப் பயன் இல்லை. புகழ் மிக்க மூத்தவர் சிலரிடம் இளையோர் தம் பிழையைக் கூற அஞ்சுவர். பிழை மறைக்கப்படும் இடத்தில் மேற்பார்வை இல்லை. பருத்தி அடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே தன்னிடத்துள்ளதை விடும். கைவந்த கலையாய்த் தொழில் செய்வார் பலர், தாம் செய்வது யாது, ஏன் செய்கின்றோம் என்பதைச் சொல்லால் விளக்க இயலாது இடர்ப்படுவர். முடத்தெங்கோ, நீர் வார்த்தவனை விடுத்து அயலான் நிலத்தில் காயைச் சொரியும். இந்நான்காவது குற்றமே பழகிய ஆற்றுப்படுத்துநர்க்குப் பெரிதும் நேர்வது. அஃது எவ்வாறெனக் காண்போம்.

கல்லூரி ஒன்றில் பணிபுரியும் இளம் ஆற்றுப்படுத்துநர் ஒருவரிடம், தேர்வில் தவறிய மாணவன் ஒருவன் வந்தான் எனக் கொள்வோம். அவன் நெடுநேரம் வாளாவிருந்தான். அவர் பொறுக்கமாட்டாது, மறுதேர்வு எழுதும் வழிவகைகளைக் கூறி அனுப்பிவிட்டார். அவன் மீண்டும் வரவில்லை. இதனைக் கேட்ட மூத்தவர், பயிற்சி பெறாதவராயின், "அவன் தந்தையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், இன்னின்ன சொல்லியிருக்க வேண்டும்" என்று அம்மாணவனையே குணப்படுத்த முற்படுவார். தம்முன் அமர்ந்திருப்பவர் ஆற்றுப்படுத்துநர் என்பதை மறந்து, அவரைத் தாண்டி மாணவனிடம் போய்விடுவார். பயிற்சி பெற்றவரோ, "அவன் பேசாதிருந்த போழ்து உம் நெஞ்சில் எழுந்தது யாது?" என வினவுவார். மௌனத்தைத் தம்மால் தாங்க இயலவில்லை என்பதை அவ்விளையவர் அப்பொழுது உணர்வார். அவ்வுணர்வு அவனுக்கு மட்டுமன்றி, இனி வரும் நூறு பேர்க்கும் பயன்படும்.

இவ்வுண்மையை விளக்கும் பழைய நிகழ்ச்சி ஒன்று நம் காவிரிக்கு அக்கரையிலுள்ள திருவரங்கத்தில் நடந்ததாக வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும். இராமாநுசர் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழியின் பொருளைப் பாடங் கேட்டார். ஆண்டான் கூறிய பொருளோடு நில்லாது, சில இடங்களில் தமக்குத் தோன்றிய வேறு பொருளையும் இராமாநுசர் எடுத்துரைத்தார். தம் ஆசிரியராகிய ஆளவந்தாரிடம் அவற்றைக் கேட்டிலேன் எனக் கூறி, ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். இதனை அறிந்த திருக்கோட்டியூர் நம்பி திருவரங்கம் போந்தார். இவரும் ஆளவந்தாரின் மாணாக்கரே. இராமாநுசர் கூறிய பொருளைத் தாம் ஆளவந்தாரிடமே கேட்டதுண்டு எனவும், கண்ணன் சாந்தீபினியிடம் பயின்றது போன்றதே இராமாநுசர் பயில்வது எனவும் ஆண்டானுக்கு எடுத்துக்கூறினார். நின்ற பாடம் மீண்டும் தொடங்கிற்று.

அஃது உளநோய் பற்றிய செய்தியன்று. ஆசிரியர் மாணாக்கர் பற்றியதே. ஆயினும் நம்பியின் செயல் கருதத்தக்கது. அவர் தாமே ஆசிரியர் இருக்கையில் அமர்ந்து அப்பாடத்தை நடத்தி முடித்திருக்கலாம். அதற்குரிய புலமை அவருக்கு இருந்தது. அவ்வாறு செய்யாது, தயங்கி நின்ற ஆசிரியரின் தயக்கத்தை நீக்கி, அவர் பணியை அவரிடமே ஒப்புவித்தார். மேற்பார்வையாளரின் தொழில் இதுவே.

இனி, பயிற்சி நடைபெறும் முறையைச் சுருங்கக் கூறுவாம். முதலாவது, ஒரே உரையாடலில் தாம் மேற்கொள்ளத்தக்க நிலைகளைப் பிரித்தறியப் பயில்வர். ஆசிரியராய்க் கற்பிப்பதும், ஆற்றுப்படுத்துநராய் உள்ளத்தை நோக்குவதும், உடனிருந்து ஆராயும் துணைவராய் நிற்பதும் என இவை மூன்று என ஜானின் பெர்னார்டு 1979இல் வகுத்தார். இரண்டாவது, பணிதொடங்குமுன் நேரம், மறைபொருள் காத்தல், மதிப்பிடும் முறை ஆகியவற்றை இருவரும் பேசி உடன்படுதல். மூன்றாவது, உரியவர் இசைவு பெற்றுப் பதிவு செய்த உரையாடலைக் கேட்டு, புண்படுத்தாமலும் பூசி மெழுகாமலும் கருத்துரைத்தல்; நல்லாசிரியர்க்குப் பவணந்தியார் கூறிய துலாக்கோல் உவமை ஈண்டுப் பொருந்தும். நான்காவது, தலையாயது: புதிய மேற்பார்வையாளர் தாம் நடத்தும் மேற்பார்வையை மற்றொரு மூத்தவரிடம் கொண்டு சென்று, அதற்கும் மேற்பார்வை பெறுதல். நீந்தும் முறையைக் கரையில் நின்று கேட்டு அறிந்தவர் ஆற்றை நீந்தார், இதுவும் அத்தகையதே.

நம் ஊர்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1982இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலத் திட்டத்தின் வழி, 1996-97இல் மாவட்ட மனநலத் திட்டம் இந்தியாவில் நான்கு மாவட்டங்களில் முதன்முதல் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது திருச்சிராப்பள்ளியே. 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலிமானஸ் என்னும் தொலைபேசிச் சேவையில், 14416 என்னும் எண்ணை அழைப்பார்க்குப் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் முதலில் செவிகொடுக்கின்றனர். வேண்டின் மருத்துவரிடம் சேர்ப்பிக்கின்றனர். கேட்பாரின் தொகை இவ்வாறு பெருகுகின்றது. கேட்பாரைக் கேட்பாரின் தொகையும் அதற்கேற்பப் பெருக வேண்டும்.

மூத்தோர் போதாமையால் இது கைகூடாது என்பார்க்குக் கோவாவில் சங்காத் என்னும் நிறுவனம் செய்துகாட்டியது விடையாகும். மனநலத் தொழிற்பயிற்சி முன்பு பெற்றிராத உள்ளூர் மக்களையே அந்நிறுவனம் ஆற்றுப்படுத்துநராய்ப் பயிற்றியது. அவர்கள் குழுவாய் அமர்ந்து, பதிவு செய்த உரையாடல்களைக் கேட்டு, ஒருவர் பணியை மற்றவர் மதிப்பிட்டனர். பயிற்சிக்குப்பின் அம்மதிப்பீடு நிபுணர் மதிப்பீட்டோடு ஓரளவு நன்றாகவே இணங்கியதென 2014இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. ஆகவே, மேற்பார்வைத் திறம் பிறவியில் வருவதோ நரையால் வருவதோ அன்று, கற்பித்தால் வருவது.

கல்லூரிகளும் விடுதிகளும் நிறைந்த நகர் நம்முடையது. ஆற்றுப்படுத்துநர் ஒருவரை அமர்த்திவிட்டால் கடமை முடிந்தது எனக் கல்விச் சாலைகள் கருதலாகா. அவர் திங்கள்தோறும் சென்று தம் சுமையை இறக்கிவைக்க ஒருவர் உளரா என்றும் வினவுதல் வேண்டும். நீண்ட நாள் இத்தொழிலில் நின்ற முன்னாள் மாணவர் சிலரேனும் இப்பயிற்சியை மேற்கொள்வாராயின், பின்வரும் இளையோர் பலர்க்கு அது பெருந்துணையாகும். வாடி வந்தவனுக்கு வழி காட்டும் பாணனும் நெடுவழி நடப்பவனே. அவனும் இளைப்பாற ஒரு நிழல் வேண்டும்.