சிவகாசி வாணமும் நட்சத்திரக் காந்தமும்: என்ன தொடர்பு?

சிவகாசி பேன்சி வெடி வானத்தில் சிவப்பாக விரிந்தால் உள்ளே இருப்பது ஸ்ட்ரான்சியம் உப்பு. நீலம்னா செம்பு உப்பு. என்ன எரிகிறது என்பதை நிறமே சொல்லிவிடும். நட்சத்திரங்களையும் விஞ்ஞானிகள் இப்படித்தான் படிக்கிறார்கள்.

நட்சத்திர ஒளியைப் பிரித்தால், ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள் தெரியும். அங்கே காந்தப்புலம் இருந்தால் ஒரு கோடு பலவாகப் பிரியும். இதை 1896-ல் பீட்டர் சீமன் கண்டறிந்தார். காந்தம் கூடக் கூட, கோடுகளின் இடைவெளியும் கூடும்.

அந்தக் காந்தம் எப்பவும் ஒரே மாதிரி இருக்குமா? இருக்காது. நம்ம சூரியனில் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை வட, தென் காந்தத் துருவங்கள் இடம் மாறுகின்றன. அதோடு ஏறி இறங்கும் சூரியப் புள்ளிகளைக் கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகப் பதிவு செய்து வருகிறது.

சுமார் 51 ஒளியாண்டு தொலைவில் உள்ள டௌ பூட்டிஸ் இன்னும் வேகம். வியாழனைவிட நிறை மிகுந்த ஒரு கோள் அதை 3.3 நாளில் சுற்றுகிறது. 2006-க்கும் 2007-க்கும் இடையிலேயே அந்த நட்சத்திரத்தின் துருவங்கள் மாறிவிட்டன.

சரி, இது எதுக்கு முக்கியம்? காந்தச் சீற்றம் அதிகமானால், அருகில் உள்ள கோளின் காற்று மண்டலமே அரிக்கப்படலாம். சூரியன் போன்ற நட்சத்திரங்கள் இளமையில் வேகமாகச் சுழலும். காந்தமும் வலுவாக இருக்கும். வயது ஏற ஏற இரண்டும் தணியும்.

ஆகவே, உயிர் வாழ ஏற்ற கோளைத் தேடும்போது கோளை மட்டும் பார்த்தா பத்தாது. நட்சத்திரத்தின் வயசையும் கேட்கணும்.