துடி என்றொரு தோற்கருவி

இதயம் துடிக்கிறது என்கிறோம். கண் துடித்தால் சகுனம் பார்க்கிறோம். சுறுசுறுப்பான பிள்ளையைத் துடிப்பானவன் என்று பாராட்டுகிறோம். சங்க காலத்தில் ‘துடி’ என்றே ஒரு தோற்கருவியும் இருந்தது.

இடை சிறுத்து, இரு முகமும் அகன்றிருக்கும் கருவி அது. நம் உடுக்கையின் உறவு. ஐந்து திணைகளில் பாலைக்கு உரிய பறையாக இலக்கணம் இதைச் சொல்கிறது. முழக்கியவர் பெயர் துடியன். புறநானூற்றின் 335ஆம் பாடல் நான்கு குடிகளை எண்ணிச் சொல்லும்போது துடியனைத்தான் முதலில் வைக்கிறது.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் ஒன்று துடிக்கூத்து. கடலுக்குள் சூரனை வென்ற முருகன் ஆடியதாகச் சொல்லப்படும் கூத்து இது. பெண்ணின் மெல்லிய இடையைத் துடியிடை என்று புலவர்கள் பாடியதும் இந்தக் கருவியின் வடிவத்தைப் பார்த்துத்தான்.

துடியின் உறவான உடுக்கையின் நடுவில், இரு முகங்களையும் இணைக்கும் கயிறுகள் உண்டு. அடித்துக்கொண்டே அவற்றை அழுத்தினால் தோல் இறுகி ஒலி உயரும், தளர்த்தினால் தாழும். கோயில் கொடைகளில் உடுக்கையடிப் பாட்டு கேட்கும்போது கலைஞர் கருவியைப் பிடித்திருக்கும் கையைக் கவனியுங்கள். சுருதி மாறுவது அங்கேதான்.

கேரளத்தின் வயநாட்டில் பணியர் பழங்குடியினர் முழக்கும் பறைக்கு இன்றும் துடி என்றே பெயர்.