பலாகா பயில எந்த நூல்?

அரபி மொழியின் சொல்வன்மைக் கலையான ‘பலாகா’வைப் பயில விழைவோர் முன் இருவகை நூல்கள் உள்ளன. ஹிஜ்ரி 471இல் (கி.பி. 1078) மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானியின் ‘அஸ்ராருல் பலாகா’, ‘தலாயிலுல் இஃஜாஸ்’ ஆகிய மூல நூல்கள் ஒருவகை. அவற்றின் வழியே பின்னர் எழுந்த பாடநூல்கள் மற்றொரு வகை. எதை முதலில் எடுப்பது?

ஜுர்ஜானி ஆராய்ந்து கண்டவற்றை ஸக்காகீ (மறைவு ஹி. 626) ‘மிஃப்தாஹுல் உலூம்’ நூலின் மூன்றாம் பகுதியில் வரையறைகளாக வகுத்தார். அப்பகுதியைக் கதீப் அல்கஸ்வீனீ (மறைவு ஹி. 739) ‘தல்கீஸ்’ எனச் சுருக்கினார். தஃப்தாஸானீ அதற்கு எழுதிய உரைகளுள் ஒன்றான ‘முக்தஸருல் மஆனீ’, துணைக்கண்டத்து நிஜாமிய்யா பாடத்திட்டத்தில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. மஆனீ, பயான், பதீஃ என்னும் முப்பிரிவும் கலைச்சொற்களும் இவ்வகை நூல்களில் ஒழுங்காகக் கிடைக்கும். ஆயின், உருவகத்தின் வகைகளை மனனமாக ஒப்பிக்கும் மாணவர், ஒரு வசனத்தில் ஒரு சொல் ஏன் முன்வந்தது எனக் கேட்டால் திகைப்பதுண்டு.

ஜுர்ஜானி அந்த ‘ஏன்’ என்பதிலேயே தொடங்குகிறார். வினா எழுத்தை அடுத்து வினைச்சொல் வந்தால் செயல் நிகழ்ந்ததா என்பதே ஐயம். பெயர் வந்தால் செய்தவர் யார் என்பதே ஐயம் என்கிறார். தமிழிலும் ‘நீ செய்தாயா?’ என்பதும் ‘நீயா செய்தாய்?’ என்பதும் ஒன்றல்லவே! சிறப்பு தனிச்சொல்லில் இல்லை. இலக்கண உறவுகளின்படி சொற்கள் கோக்கப்படும் முறையில் உள்ளது. அதனையே அவர் ‘நள்ம்’ என்றார்; திருக்குர்ஆனின் ஈடின்மையையும் அதன்மீதே நிறுவினார். எனினும், அவர் நூல்களில் கூறியது கூறலும் மறுப்புரைகளும் மிகுதி. புதியவர் வழிதவறக்கூடும்.

1905இல் மறைந்த முஹம்மது அப்துஹு, அல்அஸ்ஹரில் ஜுர்ஜானியின் இவ்விரு நூல்களையும் பாடமாக நடத்தினார். உரைகளுக்கு உரை கற்பதிலேயே காலம் கழிந்த சூழலில் அது மூலத்திற்குத் திரும்பும் முயற்சியாக அமைந்தது.

எனவே நோக்கமே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். தஃப்ஸீர் நூல்களின் கலைச்சொற்களை விளங்க விரும்புவோர் ‘தல்கீஸ்’ வழியே நுழைதல் எளிது. எழுத விரும்புவோரோ, அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘தலாயிலுல் இஃஜாஸில்’ சொல்லை முற்படுத்தல், விடுத்தல், வாக்கியங்களை இணைத்தல், பிரித்தல் பற்றிய பகுதிகளையேனும் பயில வேண்டும். வரைபடத்தை மனனம் செய்தவர் ஊரைக் கண்டவர் ஆகமாட்டார்.