நோய் மிகுந்த இடத்திற்கே நிதியும் மிக வேண்டும்

ஜனத்தொகைக் கணக்கும் நோய்க் கணக்கும்

ஒரு வியாதியை எதிர்க்கச் சர்க்கார் பணம் ஒதுக்கும்போது, எல்லா ஜில்லாக்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டுவிடுவது பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும், சில பிரதேசங்களில் அடர்ந்தும் வேறு சிலவற்றில் அரிதாகவும் காணப்படும் எச்.ஐ.வி. தொற்றின் விஷயத்தில் அந்தச் சமத்துவமே பெரும் அநீதியாக முடிந்துவிடுகிறது. இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 0.2 சதவீதத்தினரிடம் இக்கிருமி இருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்க, மிசோரத்தில் அந்த விகிதம் 2 சதவீதத்தையும் தாண்டி நிற்கிறது. தேசிய சராசரியை மட்டும் பார்த்து நிதி வகுப்பவர் கண்ணுக்கு அந்தச் சிறிய மலைநாடு தென்படவே மாட்டாது.

சென்னையில் கண்டறிந்தது

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986-ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலா, சமூகம் ஒதுக்கி வைத்த பெண்களிடம் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது, அவற்றுள் ஆறில் தொற்று இருப்பது வெளிப்பட்டது. நம் தேசத்தில் இந்நோய் வரவே வராது என்று பலர் திடமாக நம்பியிருந்த காலம் அது. 1992-இல் உலக வங்கி கடனாக அளித்த 8.4 கோடி டாலரைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் துவங்கியது.

பணம் வந்தால் மட்டும் போதுமா? கஜானாவுக்கு வந்த தொகை, கோப்பு கோப்பாக நகர்ந்து ஆஸ்பத்திரியை அடைவதற்குள் நிதியாண்டே முடிந்துவிடும். இச்சங்கடத்திற்குப் பரிகாரமாக, நிதியை நேரே பெற்று நேரே செலவிடும் அதிகாரமுடைய பதிவு பெற்ற சங்கமாகத் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் அமைக்கப்பட்டது. பின்னர் மற்ற மாநிலங்களும் இதே முறையை மேற்கொண்டன. வறட்டு நிர்வாக விஷயமாகத் தோன்றும் இவ்வேற்பாட்டை, எந்த விளம்பர இயக்கத்தையும்விட உயர்ந்த பணியாகவே நான் கருதுகிறேன்.

ஜில்லாக்களைத் தரம் பிரித்த விதம்

தேசியத் திட்டத்தின் 2007-இல் ஆரம்பித்த மூன்றாம் கட்டத்தில்தான், நோயின் சுமைக்கேற்ப நிதி என்னும் கொள்கை தெளிவான உருவம் பெற்றது. பிரசவத்திற்கு முந்தைய பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளிடையே தொற்று 1 சதவீதத்திற்கு மேல் காணப்பட்ட ஜில்லாக்கள் ‘ஏ’ பிரிவிலும், அவர்களிடையே அது குறைந்திருந்தும் அபாயம் மிகுந்த குழுவினரிடையே 5 சதவீதத்தைத் தாண்டியிருந்தவை ‘பி’ பிரிவிலும் வைக்கப்பட்டன. கர்ப்பிணிகளை அளவுகோலாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. எவ்வித விசேஷ அபாயத்தையும் முன்னிட்டுத் தேர்ந்தெடுக்கப்படாத அவர்களிடம் கிருமி தென்படுமானால், அது சாதாரணக் குடும்பங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதே பொருள். இவ்வாறு 156 ஜில்லாக்கள் ‘ஏ’ என்றும், 39 ‘பி’ என்றும் வகுக்கப்பட்டன. லாரித் தொழிலுக்குப் பேர்பெற்ற நாமக்கல்லும் முதற் பிரிவில் இருந்தது.

அத்தகைய ஜில்லாக்களில் பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமாக நம்பிக்கை மையங்கள் பெருகின. பால்வினை நோய்களுக்குச் சிகிச்சையும், ஆணுறை விநியோகமும், ஊசியால் போதைமருந்து ஏற்றிக்கொள்வோருக்குச் சுத்தமான ஊசிகளும் தொண்டு நிறுவனங்களின் வாயிலாக அளிக்கப்பட்டன. இப்பணியில் அபாயம் மிகுந்த குழுக்களைச் சேர்ந்தவர்களே சம்பளம் பெறும் ஊழியர்களாயினர். தம்மில் ஒருவர் சொன்னால் கேட்கும் மனிதர், அதிகாரி சொன்னால் கேட்பதில்லை.

மருந்து நிற்கலாகாது

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி உட்பட எட்டு இடங்களில் 2004 ஏப்ரல் 1 முதல் எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் கூட்டு மருந்து இலவசமாயிற்று. ஆயுள் முழுவதும் தினந்தோறும் உட்கொள்ள வேண்டிய இம்மருந்தைத் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை. தொற்றுள்ள தாய்மார் மருந்தின்றி விடப்பட்டால், அவர்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து தொற்றைப் பெறக்கூடும். தக்க சிகிச்சையால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. ஆகவே தடுப்புக்கு ஒரு பத்தி, சிகிச்சைக்கு ஒரு பத்தி என்று வரவுசெலவுக் குறிப்பில் கோடு கிழித்தாலும், மருந்துக்குச் செலவிட்ட பணமே தடுப்புக்கும் செலவிட்ட பணமாகிறது.

புதிய தொற்று குறைந்துவிட்ட ஜில்லாவில் நிதியைக் குறைத்து விடலாம் என்னும் யோசனை, இவ்விடத்தில்தான் பிசகிவிடுகிறது. தடுப்புப் பணியின் ஒரு பகுதி, சுமை ஏறிவரும் வடகிழக்குப் பிரதேசங்களுக்குச் செல்வதில் நியாயமுண்டு. ஆனால் ஏற்கெனவே மருந்தால் உயிர் தரித்திருப்போரின் எண்ணிக்கை, அவர்கள் நீண்டநாள் வாழ்வதனாலேயே குறைவதில்லை. தேசியத் திட்டத்தின் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத்திற்கு மத்திய சர்க்கார் ரூ.15,471.94 கோடி வகுத்தது. கடனில் தொடங்கிய முயற்சி, சொந்தக் கஜானாவின் பொறுப்பாக வளர்ந்தது.

பரிசோதனைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். சம்மதம் பெற்ற பிறகே அங்கு இரத்தம் எடுக்கப்படும். தொற்று உறுதியானவருக்கு, நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும் தாமதமின்றி மருந்து தொடங்கப்படுகிறது. இந்தக் கூட்டு மருந்தை வழங்கும் ஏ.ஆர்.டி. மையம் தொலைவில் இருப்பின், அருகிலுள்ள இணைப்பு மையத்தில் மருந்து பெற வழி உண்டா என்று கேட்டறியலாம். 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கும். 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டம், முடிவை இரகசியமாகக் காக்கக் கட்டளையிடுவதோடு, தொற்றைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ வாடகை வீட்டிலோ ஒருவரிடம் பாரபட்சம் காட்டுவதையும் தடை செய்கிறது.