குறைந்த இளநிலை மதிப்பெண்ணும் முதுநிலைச் சேர்க்கையும்

இளநிலைப் பட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களும் முதுநிலைப் படிப்பில் சேரத் தமிழ்நாட்டில் பல வழிகள் உள்ளன. விழுப்புரம் மாவட்டம் காணை ஒன்றியம் போன்ற ஊரகப் பகுதிகளில், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வரும் மாணவர்கள் பலர், மதிப்பெண் குறைந்ததும் மேற்படிப்பு இல்லை என்று முடிவு செய்துவிடுகின்றனர். தகுதி மதிப்பெண்ணையும் தரவரிசையையும் ஒன்றாகக் கருதுவதே இதற்கு ஒரு காரணம்.

தகுதியும் தரவரிசையும்

தகுதி மதிப்பெண் என்பது விண்ணப்பிக்கத் தேவையான குறைந்த அளவு. தரவரிசை என்பது தகுதி பெற்றவர்களுள் யாருக்கு இடம் என்பதைத் தீர்மானிப்பது. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி போன்ற அரசு கல்லூரிகளில் இளநிலை மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை. இடஒதுக்கீடும் பின்பற்றப்படுகிறது. ஆகவே போட்டி மிகுந்த பாடங்களில் குறைந்த மதிப்பெண் தடையாகலாம். விண்ணப்பங்கள் குறைவாக வரும் பாடங்களில் இடம் கிடைக்கலாம்.

நுழைவுத்தேர்வுகள்

நுழைவுத்தேர்வு உள்ள படிப்புகளில் தகுதி அளவைத் தாண்டியவர்களுக்குத் தேர்வு மதிப்பெண்ணே முதன்மையானது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் வழியிலான எம்.பி.ஏ., எம்.சி.ஏ. சேர்க்கைக்குப் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும், தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 45 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும்.

பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வை எழுத இளநிலையில் குறைந்தபட்ச மதிப்பெண் தேவையில்லை. அதன் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். ஆனால் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களின் எம்.டெக். பொதுக் கலந்தாய்வில் பொதுப் பிரிவினருக்கு 60 விழுக்காடு அல்லது 6.5 தரப்புள்ளி தேவை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 55 விழுக்காடு அல்லது 6.0 தரப்புள்ளி. எனவே 52 விழுக்காடு பெற்றவர் கேட் தேர்வில் சிறந்து விளங்கினாலும் இக்கலந்தாய்வில் பங்கேற்க இயலாது. விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் முன் தகவல் குறிப்பேட்டைப் படிப்பது இதனால் இன்றியமையாதது.

திறந்தநிலைக் கல்வி

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (1985), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (2002) ஆகியவற்றின் பல முதுகலைப் படிப்புகளில் சேர இளநிலைத் தேர்ச்சி போதும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு இது ஏற்றது.

முதுநிலையில் கவனிக்க வேண்டியது

முதுநிலை முடித்துக் கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் எழுதும் நெட் தேர்வில் முதுநிலை மதிப்பெண்ணே பார்க்கப்படுகிறது. பொதுப் பிரிவினருக்கு 55 விழுக்காடு தேவை. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், மத்திய அரசுப் பட்டியலில் உள்ள வளமான பிரிவில் சேராத பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு 50 விழுக்காடு. 54.9 என்பது 55 ஆக முழுமையாக்கப்படுவதில்லை. இளநிலையில் இழந்ததை ஈடுசெய்யும் வாய்ப்பு முதுநிலையின் முதல் பருவத்திலேயே தொடங்குகிறது.