தூரத்து ஆய்வுக்கூடம்

கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே கைப்பேசியால் இயக்கும் விவசாயிகள் இன்று நம்மிடையே உண்டு. இணையவழி ஆய்வுக்கூடமும் அம்முறையிலேயே நடைபெறுகிறது. கருவி ஓரிடத்தில் இருக்கும். மாணவர் வேற்றூரிலிருந்து கணினி மூலம் அதனை இயக்குவார். கருவி அளந்த மெய்யான அளவுகள் அவரை வந்தடையும்.

1998-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், டிரான்சிஸ்டரின் இயல்புகளை அளப்பதற்கு இத்தகைய கூடம் அமைந்தது. பின்னர் நைஜீரியா, உகாண்டா, டான்சானியா நாட்டு மாணவரும் இம்முறையால் பயனடைந்தனர். விலையுயர்ந்த கருவி ஒன்றே பல ஊர் மாணவர்க்கும் இரவு பகலாக உதவுவது இதன் சிறப்பாகும்.

ஆயினும், கம்பியை இணைத்து, பிழை நேர்ந்தால் தாமே கண்டறிந்து திருத்தும் கைப்பழக்கம் இதனால் முழுதும் வாய்க்காது. ஆகவே, பள்ளிக்கு இணைய இணைப்புக் கோரும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், ஆய்வுக்கூடக் கட்டடமும் கருவிகளும் கோருவதைக் கைவிடலாகாது என்பது நம் கருத்து.