பதினேழு வயதுப் பந்தெறிஞன்

பேஸ்பால் ஆட்டத்தை நம்மில் பெரும்பாலோர் நேரில் கண்டதில்லை. ஆயினும் கிரிக்கெட்டை அறிந்த மாணவர்களுக்குச் சிறு விளக்கமே போதும். பந்தெறிபவன் ஏறத்தாழப் பதினெட்டரை மீட்டர் தொலைவிலிருந்து எறிகிறான். பந்து தரையில் பட்டு எழுவதில்லை; காற்றிலேயே விரைந்து மட்டைக்காரனை அடைகிறது. அடிக்கத்தக்க எல்லைக்குள் வரும் பந்துகளில் மூன்றைத் தவறவிட்டவன் ஆட்டமிழப்பான். இதனை ‘ஸ்டிரைக் அவுட்’ என்பர். எறிபவன் எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை வீசிவிட்டாலோ, மட்டைக்காரன் அடிக்காமலே முதல் தளத்தைப் பெற்றுவிடுவான். ஆதலின் எறிபவனுக்கு விரைவும் வேண்டும், குறியும் வேண்டும். விரைவு சிலருக்கு இளமையிலேயே வாய்த்துவிடுகிறது. குறி எவ்வாறு வருகிறது என்பதைப் பாப் ஃபெல்லர் என்னும் அமெரிக்கரின் வரலாற்றைக் கொண்டு கூற விரும்புகிறேன்.

அவர் 1918-ஆம் ஆண்டு அயோவா மாநிலத்தில் வான் மீட்டர் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையில் பிறந்தார். தந்தை உழவர், மகனோ பந்தில் பைத்தியம் கொண்டவன். இத்தகைய பிள்ளையைப் பெற்ற தந்தையர் பலரைப் பள்ளியில் சந்தித்திருக்கிறேன். பிரம்பைத் தேடுவோரும் உண்டு. பிள்ளையின் புகழை இன்றே காசாக்கத் துடிப்போரும் உண்டு. இவர் இரண்டும் செய்யவில்லை. வேலை முடிந்த பின்னர் நாள்தோறும் தாமே மகன் எறியும் பந்தைப் பிடித்தார். குளிர்காலத்தில் களஞ்சியத்துக்குள் பயிற்சி நடந்தது. பின்னர்த் தம் நிலத்திலேயே ஒரு மைதானத்தை அமைத்து, ஓர் அணியையும் திரட்டினார். அங்கே சிறுவன் வளர்ந்த ஆடவர்களுக்கு எதிராகப் பந்தெறிந்தான்.

அந்நாளில் கிளீவ்லாந்து இந்தியன்ஸ் எனப் பெயர் பெற்றிருந்த அணி அவனை ஒப்பந்தம் செய்தது. அதற்கு அளித்த விலை ஒரு டாலரும், ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட பந்து ஒன்றும்! 1936 ஆகஸ்டு 23 அன்று, பதினேழு வயதில், முதன்முறையாக ஓர் ஆட்டத்தைத் தொடங்கிவைத்து எறிந்தான். செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணியினர் 15 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தான். மூன்று வாரங்களில் பிலடெல்பியா அணிக்கு எதிராக அந்த எண்ணிக்கை 17 ஆயிற்று. அவன் வயதும் அதுவே.

இத்தனைக்கும் பின் அந்தப் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? ஊருக்குத் திரும்பிப் பள்ளியின் இறுதி வகுப்பில் அமர்ந்தான். 1937-இல் அவன் பள்ளிப் படிப்பை முடித்த விழாவை அமெரிக்க வானொலி நாடெங்கும் ஒலிபரப்பியது. தலைமை ஆசிரியனாயிருந்த எனக்கு அந்த 17 ஸ்டிரைக் அவுட்களைவிட இச்செய்தியே பெரிதாகத் தோன்றுகிறது.

குறியோ, மெல்லத்தான் வந்தது. 1938 அக்டோபர் 2 அன்று டெட்ராய்ட் அணியினர் 18 பேரை ஸ்டிரைக் அவுட் செய்து புதுச் சாதனை படைத்தார். ஆனால் அந்த ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றது! அதே ஆண்டில் அவர் தவறாக எறிந்து முதல் தளத்தை இலவசமாய் வழங்கியது 208 முறை. அவரை அணியினின்று விலக்கியிருந்தால் வியப்பில்லை. கிளீவ்லாந்து பொறுத்தது. 1940-இல் முன்னினும் மிகுதியாக எறிந்தும் அந்த எண் 118 ஆகக் குறைந்தது. அவ்வாண்டின் முதல் ஆட்டத்திலேயே சிகாகோ அணியினர் ஒருவரும் அடித்துத் தளம் சேர முடியாதபடி எறிந்தார். ஆண்டு முழுதும் 27 வெற்றிகள். போர்க் காலத்தில் கடற்படையில் பணியாற்றித் திரும்பிய பின்னரும், 1946-இல் 348 ஸ்டிரைக் அவுட்கள்.

இளமையில் ஏறிய எல்லோருக்கும் இவ்வாறு அமைவதில்லை. போரினால் ஆட்டக்காரர்கள் குறைந்துவிட்ட 1944-இல் சின்சினாட்டி அணி, ஜோ நக்ஸ்ஹால் என்னும் பள்ளி மாணவனைக் களத்தில் இறக்கியது. அவனுக்கு இன்னும் பதினாறு வயது நிறையவில்லை. எதிரே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அவர்களுள் புகழ்பெற்ற ஸ்டான் மியூசியலும் இருந்தார். முதல் மூவரில் இருவரை ஆட்டமிழக்கச் செய்த சிறுவன், பின்னர்க் குறியை முற்றும் இழந்தான். ஐவருக்கு இலவசத் தளம், ஐந்து ஓட்டங்கள். ஒரு சுற்றைக்கூட முடிக்குமுன் அவனை வெளியே அழைத்துக்கொண்டார்கள். சிறு அணிகளில் ஆண்டுக்கணக்காய்ப் பயின்று 1952-இல்தான் அவர் பேரணிக்கு மீண்டார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 135 வெற்றிகள் இருந்தன.